வெள்ளிக்கிழமை விரதம் பிடித்த பெட்டி

ஜூலை 8, செவ்வாய்

மார்க்கட்டில் கரட் நல்லதாக இருந்தது. போஞ்சி முற்றல், வாங்கவில்லை. அம்பிட்டிய ஏற்றத்தில் பஸ் திரும்பும்போது கடைகளில் லைட் போய், வந்து, போய், வந்தது. எனக்கு வீட்டில் இருக்கும் மீன் தொட்டிதான் ஞாபகம் வந்தது. மழைக்குப் பிறகு குரங்குகள் கம்பியில் தொங்கினால் இப்படித்தான்.

நினைத்தது சரி. தொட்டி இருட்டு. கறுப்பியும் வெள்ளையனும் ஒன்றும் அறியாதவர்கள் போல வாலை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். நேற்று இலை முழுக்க முத்து முத்தாக ஒட்டியிருந்த முட்டைகளில் ஒன்றுகூட இல்லை. இட்டதைத் தாங்களே தின்றுவிட்டார்கள். இந்த வருசத்தில் மூன்றாவது தரம்.

ஏஞ்சல் மீனுக்குத் திடீரென்று இருட்டினால் பயம். பயந்தால் முட்டையைத் தின்னும். அதுகளைக் குற்றம் சொல்லி என்ன? குற்றம் அந்த லைட் கொன்ட்ரோலருடையது. பகலில் வெள்ளை வெளிச்சம், இரவில் மங்கிய நீலம், விடியும்போது மெல்ல மெல்ல வெளுப்பது, எல்லாம் அழகாகச் செய்யும். கரண்ட் ஒரேயடியாகப் போய் வந்தால் ஒன்றுமில்லை. விட்டு விட்டு வந்தால் மட்டும் மரத்துப் போய் நின்றுவிடும். பிறகு யாராவது அதன் வயரைக் கழற்றி, 'சரவணபவ' என்று ஆறு தரம் சொல்லி முடித்துத் திரும்பச் செருக வேண்டும். அவசரப்பட்டு உடனே செருகினால் எழும்பாது.

அதற்கு வீட்டில் எப்போதும் ஒரு ஆள் வேண்டும். அதுதான் கரைச்சல்.

பின்னேரம் பிரியாந்தினி யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்தாள். வேலையாகி அங்கே போனபோது இந்தத் தொட்டியை எங்களிடம் விட்டுப்போன மகள். எடுத்தவுடன், "இந்த முறை நல்லூர்த் தேருக்கு ஆர் வாறது? அம்மாவோ, அப்பாவோ?"

ஒரு வருசம் அவர், ஒரு வருசம் நான். தொட்டி எங்கள் பொறுப்புக்கு வந்த பிறகு இரண்டு பேரும் ஒன்றாக ஓரிரவுகூட வெளியே தங்கியதில்லை. பிள்ளை கேட்டதில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கேள்வி காதுக்குள்ளேயே நிற்கிறது.

ஜூலை 10, வியாழன்

இடியப்பம் அவித்துக்கொண்டிருக்கும்போது வந்த யோசனை. நான் செய்வது என்ன? தொட்டி இருட்டாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருட்டென்றால் கழற்றுகிறேன், கொஞ்சம் பொறுக்கிறேன், செருகுகிறேன். இதில் என் புத்திக்கு என்ன வேலை? ஒரு கண்ணும் ஒரு கையும் போதுமே!

சரியாக வேலை செய்யும் கொன்ட்ரோலர் தொட்டியை ஒருபோதும் இருட்டாக விடுவதில்லை. பகலில் வெள்ளை, இரவில் நீலம். ஆகவே இருட்டென்றால் அது மரத்துவிட்டது என்றுதான் அர்த்தம். இதைவிடத் தெளிவு என்ன வேண்டும்?

அவர் அலுவலகத்தால் வந்து சப்பாத்துக் கழற்றும்போதே சொன்னேன்.

"உமக்கேன் உந்த வேலை? நீர் சோல்டரைப் பிடிச்சுக் கையைச் சுடப்போறீர்."

"தோசைக்கல்லில சுடாத கையோ?"

சிரித்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "சுவர் பிளக்கில மட்டும் கை வைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார். நான் அடப்டருக்கு இந்தப் பக்கம், பன்னிரண்டு வோல்ட்டில்தான் வேலை செய்வேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். யூடியூப்பில் கறி மட்டும்தான் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார் போல.

ஜூலை 14, திங்கள்

கண்டி டவுனில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை. உடைந்த ரேடியோக்களும் போர்டுகளும் கூரை வரை. கடைக்காரர் கணேஸ், பன்வில ஆள். நான் சொல்லச் சொல்ல ஒரு கடதாசித் துண்டில் படம் கீறினார்.

"ஸ்கூல் ப்ரொஜெக்டாக்கா? மகன் எத்தனாம் வகுப்பு?"

"மகன் இல்லை தம்பி. எனக்கு."

"ஒங்களுக்கா?" அவர் பேனையை வைத்துவிட்டார். "அப்ப நல்ல சாமானா எடுத்துத் தர்றேன். ஸ்கூல் பிள்ளைங்களுக்குக் குடுக்கிறத ஒங்களுக்குக் குடுத்தா நாளைக்கே வந்து சண்டை போடுவீங்க."

வெளிச்சம் பார்க்கிற போர்டு ஒன்று, கரண்டை வெட்டிக் கொடுக்கிற ரிலே ஒன்று. வெளிச்சம் பார்க்கிற கண் ஒரு பச்சைப் பயறு அளவுதான்.

வந்து கணக்கு எழுதும்போது ஒரு சிக்கல். இதை வீட்டுச் செலவில் போடுவதா, மீன் செலவில் போடுவதா? இரண்டும் சரியாகப் படவில்லை. கடைசியில் 'தவமணி' என்று ஒரு புதுத் தலைப்புப் போட்டேன். இத்தனை வருசக் கணக்கில் என் பெயருக்கு ஒரு தலைப்பு இருக்கவில்லை என்று அப்போதுதான் கண்டேன்.

ஜூலை 16, புதன்

டிக் டிக் டிக் டிக் டிக். வாங்கிய சாமான்களை ஒரு பழைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் பூட்டிக் கரண்ட் கொடுத்தால், கோழி கொத்துவது போல நிற்காமல் அடித்தது. வெள்ளையன் பாறைக்குப் பின்னால் போய் ஒளிந்துவிட்டான்.

பக்கத்து வீட்டு ஹபீலா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தவமணி அக்கா, தந்தி அடிக்கிறீங்களா?" என்றாள்.

ஏன் என்று யோசித்தேன். கரண்டைக் கொடுத்தவுடன் லைட் எழும்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்குள் என் பெட்டி, 'இன்னும் இருட்டு' என்று திரும்ப வெட்டுகிறது. பொறுமை இல்லாத பெட்டி. செய்தவளைப் போல.

ஜூலை 20, ஞாயிறு

வேலை செய்கிறது!!

கணேஸ் வேறொரு போர்டு தந்தார். அதில் இரண்டு திருகாணி. ஒன்று எவ்வளவு நேரம் வெட்டி வைப்பது என்பதற்கு. மற்றது கொடுத்த பிறகு எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்ப்பது என்பதற்கு. முதலாவதை 'சரவணபவ' ஆறு தரத்துக்குச் சரியாகத் திருகி வைத்தேன். சொல்லிச் சொல்லித் திருகியதில் ஒரு நாள் செபம் முடிந்தது போலிருக்கிறது.

கண்ணை ஒரு பழைய பேனைக் கூட்டுக்குள் வைத்து, தொட்டியின் பின்பக்கக் கறுப்புக் கடதாசியில் ஓட்டை போட்டு ஒட்டினேன். அது தண்ணீருக்கூடாக நேரே பார்க்கும். சன்னல் வெளிச்சம் அந்த மூலைக்கு வராது. மீதியெல்லாம் அந்தச் சாப்பாட்டுப் பெட்டிக்குள்.

அவர் கையால் அடப்டரைப் பிடுங்கிச் செருகிப் பிடுங்கிச் செருகி கொன்ட்ரோலரை மரக்க வைத்தார். தொட்டி இருட்டு. டிக். பொறுத்தோம். டிக். வெள்ளை மெல்ல எழும்பி வந்தது. பொழுது விடிகிற மாதிரி!

"இன்னொருக்கா" என்றார். பிறகு இன்னொருக்கா. ஐம்பத்தெட்டு வயது மனுசன், விளையாட்டுச் சாமான் கிடைத்தவர் போல. தேத்தண்ணீர் ஆறிவிட்டது.

பிரியாந்தினிக்குப் போன் எடுத்து, "இந்த முறை ரெண்டு பேரும் வாறம்" என்றேன். இரண்டு தரம் சொல்லவைத்தாள். பிறகு, "உண்மையாவோ அம்மா?"

ஜூலை 25, வெள்ளி

இரண்டாவது ஆடி வெள்ளி. பூசை முடிந்து சர்க்கரைப் பொங்கலை ஹபீலாவுக்குக் கொடுத்துவிட்டு வரும்போது கரண்ட் விட்டு விட்டு வந்தது. சிரித்துக்கொண்டே உள்ளே வந்தேன், பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று.

பார்த்துக்கொள்ளவில்லை. தொட்டி இருட்டு, பெட்டி ஊமை. காத்திருந்தேன், காத்திருந்தேன். கடைசியில் என் கையால்தான் கழற்றிச் செருகினேன்.

ஜூலை 26, சனி

காலையிலிருந்து பத்துத் தரம் சோதித்துவிட்டேன். பத்துத் தரமும் சரி. அப்படியென்றால் நேற்று என்ன?

ஜூலை 29, செவ்வாய்

நல்லூரில் கொடியேறிவிட்டது. இனித் தீர்த்தம் முடியும்வரை இந்த வீட்டில் மரக்கறிதான். ஒவ்வொரு வருசமும் வரும் சங்கடம்: மீனுக்குக் கொடுக்கிற உறைய வைத்த புழு. சாமிக்கு வைக்கும் பாலும் அதுவும் ஒரே ஃப்ரிட்ஜில் இருப்பதா? வழக்கம்போல ஹபீலா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"எங்கட ஃப்ரிட்ஜ் மட்டும் என்ன பாவம் செஞ்ச அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இடம் ஒதுக்கினாள். "இந்த முறை ரெண்டு பேரும் போறீங்களாமே. போங்க, நான் பின்னேரத்தில வந்து சாப்பாடு போடுறேன். ஆனா அந்த வயர் கழட்டுற வேலைக்கு என்னக் கூப்பிட வாணாம். எனக்கு ஷொக் பயம்."

இல்லை, அதெல்லாம் பெட்டி செய்யும் என்றேன். சொல்லும்போது நாக்குக் கொஞ்சம் தடுக்கியது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்றைக்கும் இல்லை! பூசை முடிந்த கையோடு நானே சோதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நேற்று வேலை செய்தது. முந்தாநாள் வேலை செய்தது.

அவர் உடுப்பு மாற்றிக்கொண்டே, "வெள்ளிக்கிழமையில பெட்டி விரதம் போல கிடக்கு" என்றார்.

ஹபீலாவிடம் சொன்னால், "ஜும்ஆ நாள்ல அதுக்கும் லீவு வேணுமே!" என்கிறாள்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு. எனக்கு வயிறு எரியுது. என்ன பிழை விட்டனான்? எல்லா வயரையும் பார்த்தாச்சு, எல்லாம் இறுக்கமாத்தான் கிடக்கு. முருகா, நான் வாறது உனக்கு விருப்பமில்லையோ? இல்லாட்டி ரெண்டு பேரும் சேர்ந்து வாறதுதான் விருப்பமில்லையோ? உனக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ஆள் இருக்கலாம் —

மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். எழுதியது எழுதியதுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

"நீங்கள் போங்கோ, இந்த முறை நான் நிக்கிறன்" என்றேன்.

"போன முறையும் நான்தானே போனது."

"அதுக்கென்ன?"

பேப்பரை மடித்து வைத்தார். "தேர் இழுக்கேக்க நான் என்ன செய்யிறனான் தெரியுமோ? ஆள் இல்லாத பக்கம் திரும்பி, 'பாருமப்பா, பாரும்' எண்டு சொல்லுவன். பக்கத்தில நிண்டவர் போன வருசம் ஒரு மாதிரிப் பார்த்தவர்."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பருப்பு ஏற்கனவே அவிந்திருந்தது. இருந்தாலும் கிண்டினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கண்டுபிடித்தேன்! அவசரத்தில் எழுத்துக் கோணலாக வருகிறது. பரவாயில்லை.

இன்று போயா, பௌர்ணமி விடுமுறை, அவர் வீட்டில். பெரஹரா ஊர்வலத்தின் கடைசி நாள் என்று டவுனுக்குப் போகும் பாதையெல்லாம் அடைப்பு. வெளியே ஒரு பஸ் சத்தமும் இல்லை. சாமியறைத் திரையைத் திறந்து, பெரிய குத்துவிளக்கைத் துலக்கி வைத்து, ஐந்து திரியும் ஏற்றித் தேவாரம் படித்தேன். விழுந்து கும்பிட்டு எழும்பித் திரும்பும்போது, சோதிப்பதற்காக லைட்டைக் கழற்றி வைத்திருந்த இருட்டுத் தொட்டியில், கறுப்பியின் உடம்பில் ஒரு மஞ்சள் பொட்டு ஆடியது. அவள் விலகினாள். பொட்டு பின்னால் கறுப்புக் கடதாசிக்குப் போனது. அங்கே என் பேனைக் கூடு. அதன் வாயில் குட்டியாய் ஐந்து சுடர்.

விளக்கிலிருந்து கூடு வரை கண்ணால் ஒரு கோடு கீறிப் பார்த்தேன்.

சாமியறை தொட்டிக்கு நேர் எதிரே. மற்ற நாட்களில் உள்ளே மேல் தட்டில் ஒரு சின்ன விளக்கு, அதுவும் திரைக்குப் பின்னால். வெள்ளிக்கிழமையில் மட்டும் திரை திறந்திருக்கும், குத்துவிளக்கு வாசலுக்கு நேரே நிற்கும். பெட்டியின் கண் நேரே பார்க்கிறது. தொட்டி இருண்டாலும் அதற்கு வெளிச்சம் தெரிகிறது. 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று சும்மா இருக்கிறது. பாவம், பெட்டி அவ்வளவு நாளும் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது!

"இஞ்சருங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கோப்பையோடு ஓடி வந்தார். குத்துவிளக்குக்கு முன்னால் கையை வைத்து மறைத்தேன். டிக். எடுத்தேன். ஊமை. மறைத்தேன். டிக். அவருக்கு விளங்க நான் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அப்ப விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைப்பம்" என்றார்.

"சாமி அங்கதான் இருப்பார். பெட்டிதான் திரும்ப வேணும்."

பேனைக் கூட்டைக் கழற்றி, மேலே லைட்டை மட்டும் பார்க்கும்படி சரித்து ஒட்டினேன். பயறளவு கண், விரலளவு சரிவு. அவ்வளவுதான். முதல் நாளே அப்படி ஒட்டியிருக்கலாம். நேரே பார்ப்பதுதான் சரியான பார்வை என்று யார் எனக்குச் சொன்னது?

முருகனிடம் போன வெள்ளி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் கோபித்திருக்க மாட்டான். விளக்கைக் காட்டியே காரணத்தைக் காட்டியவன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. வேண்டுமென்றே எல்லா விளக்கும் ஏற்றினேன். குத்துவிளக்கு, தூண்டாமணி, அகல் விளக்குகள். கற்பூரமும் கொளுத்தினேன். அவர் அடப்டரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார்.

டிக். டிக். விடிந்தது.

"விரதம் முடிஞ்சுது" என்றார்.

ஆகஸ்ட் 16, சனி

இதென்ன சோதனை! கறுப்பி முட்டை இட்டிருக்கிறாள். அகன்ற இலை ஒன்றில் வரிசை வரிசையாக. வெள்ளையன் செட்டையால் விசிறிக்கொண்டு நிற்கிறான். செவ்வாய் இரவு பஸ்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முட்டை பொரித்துவிட்டது. இலையில் மயிர் போல வால்கள் துடிக்கின்றன. நீந்தத் தொடங்க இன்னும் நாலைந்து நாள் ஆகும். அதுவரைக்கும் ஒரு இருட்டுக்கூட வரக்கூடாது.

பையை அடுக்கி, திரும்ப அவிழ்த்து, திரும்ப அடுக்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியை மடித்துப் பையின் மேலே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால், நிற்பதாகச் சொல்லியிருப்பேன். சொல்லாததால் முடியவில்லை.

ஹபீலாவிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்தேன். "லைட் நிண்டா வயரைத் தொட வேண்டாம். சும்மா பாத்துக்கொண்டு நில்லுங்கோ" என்றேன்.

"நான் யாசீன் ஓதுறேன். நீங்க போங்க!" என்று முதுகில் தள்ளினாள்.

பெட்டிக்குத் திருநீறு பூசினேன். அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன், நல்லூர்

தேர்.

அதிகாலையிலேயே பிரியாந்தினியோடு போய் மணலில் இடம் பிடித்தோம். வடம் அசைந்ததும் அரோகராச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் பேச்சுக்கூடக் கேட்கவில்லை. அவர் வெறும் மேலோடு, நெஞ்சில் கைகூப்பி, அழுதுகொண்டு நின்றார். "பாருமப்பா, பாரும்" என்று என் தோளை இடித்தார். இந்த முறை ஆள் இருக்கிற பக்கம் திரும்பித்தான்.

நான் சற்று நேரம் தேரைப் பார்க்கவில்லை. தேரைப் பார்க்கும் அவரைப் பார்த்தேன். முருகன் பொறுத்துக்கொள்வான்.

தண்ணீர்ப் பந்தலில் மோர் குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது: விடிந்ததிலிருந்து ஒருக்காலும் தொட்டியை நினைக்கவில்லை. போனை எடுத்தால் ஹபீலாவின் குரல் பதிவு:

"அக்கா, இங்க நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வந்திச்சி. நான் குடையும் எடுத்துக்கிட்டு ஓடி வந்து கதவத் தொறந்தா, உள்ளுக்கு ஒரே இருட்டு. யாசீன் ஓதத் தொடங்கினேன். பாதிக்கு வாரத்துக்கு முந்தியே டிக் எண்டிச்சி. லைட் வந்திட்டு! உம்மா வாப்பா ரெண்டு மீனும் இலைக்கிட்டயே நிக்கிது. சின்னது எல்லாம் வால ஆட்டுது. இன்னொன்டு அக்கா, ஒங்கட பெட்டிக்குத் திருநீறு பூசி இரிக்கி. நான் துடைக்கல்ல."

மூன்று பேரும் மணலில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டோம். பிரியாந்தினி சிரித்துச் சிரித்து மோரைக் கொட்டிவிட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விடியற்காலை வீடு வந்தோம். கதவைத் திறந்ததும் நீலம் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. இலையில் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்தேன்.

பிறகு கண்டேன். தண்ணீரின் நடுவில் தூசி போல ஒரு கூட்டம். கறுப்பி முன்னால், கூட்டம் நடுவில், வெள்ளையன் பின்னால். நீந்துகின்றன. எண்ணவில்லை. கணக்கு எழுதுகிற எனக்கே எண்ண மனம் வரவில்லை.

அவர் செருப்பைக் கழற்றாமலே குந்தியிருந்து, "எங்கட வீட்டிலயும் தேர் இழுபடுது, பாருமப்பா" என்றார்.

செப்டம்பர் 5, வெள்ளி

குஞ்சுகளுக்கு முக்கோண உருவம் வரத் தொடங்கிவிட்டது. கணேஸ் போன் எடுத்து, வேறொருவரும் இப்படி ஒரு பெட்டி கேட்கிறார், படம் கீறித் தரமுடியுமா என்றார். குத்துவிளக்கு எங்கே வைக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள் என்றேன்.

அவர் கார்த்திகையில் திருக்கேதீச்சரம் போவோமா என்கிறார். இரண்டு பேரும். அதை ஏன் அப்படி அழுத்திச் சொன்னாரோ. வேறெப்படிப் போவது?

பூசை முடிந்து இப்போது சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுகிறேன். குத்துவிளக்கு இன்னும் எரிகிறது. காற்று. கரண்ட் போய்

வந்து, போய், வந்தது. தொட்டி இருட்டு. குத்துவிளக்கு வெளிச்சத்தில் இந்த வரியை எழுதுகிறேன். கதிரையை விட்டு நான் எழும்பவில்லை.

டிக்.

எழும்பவில்லை. தாளின் ஓரம் தொட்டி வெளிச்சத்தில் மெல்ல வெளுக்கிறது.